வீடு திரும்பிய பரஸ்தானம்

வடக்கே போகும் மெயில் வண்டி எண்ணூரில் நிற்காது. வேகத்தைக் குறைப்பதுகூட இல்லை. ஸ்டேஷனைத் தாண்டி ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் அதன் ஓசை மாறும். தடதடவென்று இருந்தது கணகணவென்று ஆகும். பிறகு அத்திப்பட்டுப் பக்கம் போய்த் தேய்ந்துவிடும். எண்ணூரில் இருந்த நாளெல்லாம் சாயங்காலமானால் அந்த ஓசை மாறும் இடத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மற்றவர்கள் கடலைப் பார்க்க வந்திருந்தார்கள். நான் ரயிலைக் கேட்க வந்தவள் போலிருந்தேன்.

நாங்கள் எண்ணூருக்கு வந்தது காற்று வாங்க என்று தெருவில் சொல்லியிருந்தோம். உண்மையில் வந்தது சூலத்துக்குப் பயந்து. டில்லியில் டாக்டருக்குப் படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. மதராஸில் கிடைக்கவில்லை, அங்கே கிடைத்துவிட்டது. எனக்குத் துணையாக வர ஒப்புக்கொண்ட பழைய பள்ளிக்கூட டீச்சர் டில்லியில் இருக்கும் தம் அண்ணன் வீட்டுக்குப் போகிறவர். அவர் செவ்வாய்க்கிழமை வண்டிக்குத்தான் புறப்பட முடியும். செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. பெண்ணைத் தனியாக அனுப்புவதே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அதிலும் சூலத்துக்கு எதிரே அனுப்புவதென்றால்?

அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவேன். ஐயாவுக்கு என்னை அனுப்பச் சம்மதம். அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் எங்கள் வீட்டில் ஒரு மாதம் நல்ல குழம்பே வைக்கப்படவில்லை. கடைசியில் அம்மா ஒரு வழி சொன்னாள். வியாழக்கிழமை நல்ல நேரத்தில் பரஸ்தானம் வைத்துவிடுவது. அதாவது, பிரயாணம் போகிறவளின் புடவை ஒன்று, கொஞ்சம் அரிசி, மஞ்சள் எல்லாவற்றையும் சின்ன மூட்டையாகக் கட்டி, போகிற திசையில் இருக்கும் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைப்பது. மூட்டை வாசற்படி இறங்கியதும் ஆள் புறப்பட்டுவிட்டதாக அர்த்தம். பிறகு ரயில் என்றைக்குப் போனாலும் பரவாயில்லை.

"ஆனா ஒண்ணு," என்றாள் அம்மா. "வச்ச மூட்டை திரும்பி வீட்டுப் படி ஏறக்கூடாது. நீயும் ஏறக்கூடாது. ஏறுனா அந்தப் பயணம் அதோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் ஐயா சொன்னாலும் சரி, உங்க டீச்சரம்மா வந்து அழுதாலும் சரி, நான் விடமாட்டேன். இப்பவே சத்தியமாச் சொல்லுதேன்."

நான் சிரித்துக்கொண்டே சம்மதித்தேன். பௌதிகத்தில் நல்ல மார்க் வாங்கியவள் நான். ஒரு பொருள் இங்கேயும் இருந்து அங்கேயும் இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது முடியும் என்பதும் தெரிந்ததால், டில்லிக்குப் போனால் சரி என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

நாங்கள் குடியிருக்கும் ராயபுரத்துக்கு வடக்கே யார் வீடு என்று தேடியபோது, எங்கள் சொந்த ஊர்க்காரர் ஒருவர் எண்ணூரில் உப்பளக் காண்ட்ராக்ட் எடுத்து, கழிமுகத்துக்குப் பக்கத்தில் பெரிய வீடாகக் கட்டி இருந்தது நினைவுக்கு வந்தது. எங்களோடு இருக்கும் சித்தப்பா உடனே கேலியை ஆரம்பித்தார். "நல்ல வேளை மதினி, இவ ரங்கூனுக்குப் போகலை. கிழக்க பரஸ்தானம் வைக்கணும்னா ஹார்பருக்கு வெளிய தோணியிலதான் மூட்டைய வைக்கணும். மீன் வந்து புடவைய உடுத்திக்கிட்டுப் போயிருக்கும்."

மூட்டையை மட்டும் அனுப்பினால் போதும். ஆனால் ரயில் வருவதற்குள் நான் வீட்டுக்குள் ஏதாவது காலை வைத்துத் தொலைப்பேன் என்று அம்மாவுக்குச் சந்தேகம். ஆகவே மூட்டையோடு நானும், எனக்குக் காவலாக அம்மாவும் எண்ணூர் வந்து சேர்ந்தோம். செவ்வாய்க்கிழமை அங்கிருந்து நேரே சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போவதாக ஏற்பாடு. வடக்கே போவதற்கு முதலில் தெற்கே போக வேண்டும், பிறகு ஏறிய வண்டி மறுபடியும் எண்ணூர் வழியாகவே வடக்கே வரும். இதை நான் அம்மாவிடம் சுட்டிக் காட்டவில்லை. எதற்கு வம்பு?

எண்ணூரில் அம்மா வேறு ஆளாகிவிட்டாள். அதை எதிர்பார்க்கவில்லை. ராயபுரத்தில் ஐயாவின் மிளகாய் மண்டிக்கு மேலே குடியிருக்கிறோம். அங்கே அம்மா விடிந்ததும் அடுப்பில் விழுந்து, இரவு பாயில் விழும்வரை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. கீழேயிருந்து வற்றல் நெடி, ஹார்பரிலிருந்து நிலக்கரித் தூள். துவைத்த துணி கொடியிலேயே அழுக்காகும். இங்கே அவள் உப்பள வீட்டு அத்தையோடு விடியற்காலையில் கடலுக்குப் போய் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, அலை அடிக்கும்போதெல்லாம் சின்னப் பெண்போல் கத்தினாள். சவுக்குத் தோப்பில் கால் நீட்டி உட்கார்ந்து அத்தையோடு தாயம் ஆடினாள். கழிமுகத்தில் பிடித்த நண்டை அத்தை சமைக்க, அம்மா ஓட்டைக் கடித்து உறிஞ்சிக்கொண்டே, "இன்னும் ரெண்டு வைங்க மதினி," என்று கேட்டுச் சாப்பிட்டாள்.

எனக்குத்தான் எதிலும் மனம் ஒட்டவில்லை. கடலில் இறங்கினால் டில்லியில் கடல் இல்லை என்று தோன்றும். கரையேறினால் டிரங்குப் பெட்டியில் எதை விட்டோம் என்று தோன்றும். வெள்ளைக்காரர்கள் கழிமுகத்தில் பாய் கட்டிய சின்னப் படகுகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். எங்கேயும் போகாமல் இவ்வளவு மெனக்கெட்டுப் படகு விடுகிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

"ஏட்டி, ஒரு இடத்துல இரியேன்," என்பாள் அம்மா. "உன்னப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

திங்கட்கிழமை, கடைசி நாள். காலையில் சித்தப்பா வந்தார். ரயிலில் தின்பதற்குச் சித்தி சுட்டுக் கொடுத்த முறுக்கையும் அதிரசத்தையும் டின்களில் கொண்டுவந்தார். அத்தை வீட்டில் மடவை மீன் குழம்பை ஒரு பிடி பிடித்தார். சாப்பிட்டதும் மத்தியான வண்டிக்குப் புறப்படும்போது, "நாளைக்கு எல்லாத்தையும் சேத்துத் தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம். அழுக்குத் துணி எதும் இருந்தாக் குடுங்க, வீட்டுல போட்டுடுதேன்," என்றார். அம்மா துணி மூட்டை ஒன்றைக் கட்டிக் கொடுத்தாள். நான் வாசல்வரை போய்க் கையாட்டிவிட்டு வந்தேன். அம்மா முந்தானையை விரித்துப் படுத்தாள். நான் டிரங்குப் பெட்டியை இன்னொரு தடவை திறந்து, எடுத்து, அடுக்கி, மூடினேன்.

வெயில் சாயும்போது அத்தை முன்கூடத்தைப் பெருக்க வந்தாள்.

"மதினி, மூலையில இருந்த பரஸ்தான மூட்டைய நீங்க எடுத்து உள்ள வச்சீகளா?"

"நான் ஏன் எடுக்கேன்? அங்கதான் இருக்கும்."

"இல்லியே."

அம்மா எழுந்து வந்து பார்த்தாள். மூலை காலியாக இருந்தது. மூட்டை இருந்த இடத்தில் மணல் படியாமல் வட்டமாகத் தரை தெரிந்தது. அம்மா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு விஷயம் பட்டென்று விளங்கிவிட்டது. உதவி செய்கிற ஆவேசத்தில் சித்தப்பா அதையும் அழுக்குத் துணி என்று நினைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மனுஷி எண்ணூரில் இருக்க, அவளுடைய பிரயாணம் மட்டும் பாசஞ்சர் வண்டி ஏறி ராயபுரத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறதே! சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டால் சமாளிக்கலாம். முகம் சுண்டிப்போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"படி ஏறிட்டா அவ்வளவுதான்," என்றாள்.

"அம்மா, அது வெறும் மூட்டை."

"எனக்கு அது நீ." குரல் உயரவே இல்லை. "சொன்னேன்லா. சத்தியமாச் சொன்னேன். நீயும் சரின்னு தலையாட்டுனே."

ஆமாம், ஆட்டினேன். அடுத்த நல்ல நாள் எப்போது என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. எப்போதாயிருந்தாலும் டீச்சர் காத்திருக்க முடியாது, கல்லூரியும் காத்திருக்காது. இடம் இன்னொரு பெண்ணுக்குப் போய்விடும். நான் மிளகாய் மண்டிக்கு மேலே உட்கார்ந்து மெயில் வண்டியின் ஊதலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பௌதிகம் தெரிந்த எனக்கு, ஒரு படி அரிசி வாசற்படியைத் தாண்டுவதில் என் ஆயுசு இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"சித்தப்பா நேரே வீட்டுக்குப் போகமாட்டார்!" என்று கத்தினேன். "திருவொற்றியூரில் இறங்கிக் காபி கிளப்பில் சினேகிதர்களைப் பார்க்காமல் போனதே இல்லை. அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். இப்போ புறப்பட்டால் பிடித்துவிடலாம்!"

அடுத்த ரயிலுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. ஸ்டேஷன் வாசலில் ஒரே ஒரு ஜட்கா நின்றது. குதிரை புல்லைத் தின்னுகிற அழகைப் பார்த்ததுமே, இது திருவொற்றியூர்வரை போய்ச் சேருமா என்று கணக்குப் போட்டேன்.

"நீ எங்க ஏறுதே? வீட்டுப் பக்கமே நீ வரக்கூடாது," என்றாள் அம்மா.

"தெருமுனையில் நின்றுகொள்கிறேன்."

அம்மா நகர்ந்து இடம் விட்டாள்.

ஜட்காக்காரர் நடுத்தர வயது மனிதர். வெற்றிலைச் சாற்றை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டே பேசும் வித்தை தெரிந்தவர்.

"இன்னா மே அவசரம்? வூட்ல யாருக்னா ஒடம்பு சரியில்லியா?"

"அதெல்லாம் இல்லை. ஒரு மூட்டை போய்விட்டது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பிடிக்க வேண்டும்."

"திருடிகினு பூட்டானா? போலீசாண்ட போவியா, வூட்டாண்ட போறே?"

"திருட்டு இல்லை. சித்தப்பாதான் எடுத்துக்கொண்டு போனார்."

அவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். "உங்க மூட்ட, உங்க சித்தப்பா, உங்க வூட்டுக்கு எத்துகினு போறாரு. சரிதானே?"

"ஆமாம்."

"அத்தப் போயி பிடிக்கணும்."

"ஆமாம்."

"உள்ள இன்னா கீது? நகையா?"

"அரிசியும் மஞ்சளும் ஒரு புடவையும்."

அவர் வண்டியை நிறுத்தாத குறை. திரும்பி எங்கள் இரண்டு பேரையும் நன்றாகப் பார்த்தார். "த பாரும்மா, இந்தக் குதுரைக்கு வயசாயிடிச்சி. ஒரு புடி அரிசிக்கோசரம் இத்த சாவடிச்சா அந்தப் பாவம் என்னாண்ட வரக்கூடாது."

"பாவம் எனக்கு வரட்டும். நீ ஓட்டுப்பா!" என்றாள் அம்மா.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜட்காவின் பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குதிரையின் காதுகளுக்கு நடுவே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை வீட்டில் போட்ட கொண்டை அவிழ்ந்து தொங்கியது. அதை முடியக்கூடக் கையை எடுக்கவில்லை.

திருவொற்றியூர் காபி கிளப்புக்கு வந்து சேர்ந்தபோது நான் வண்டி நிற்குமுன் குதித்தேன். பெண்கள் உள்ளே போகிற இடம் இல்லை அது. வாசலில் நின்றே குரல் கொடுத்தேன். டவரா டம்ளர்களைக் கோத்துக்கொண்டு வந்த சர்வர் சித்தப்பாவின் அடையாளத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"மடியில ஒரு மூட்ட, கால்கீழ ஒரு மூட்ட, அவுருதானே? இம்மா நேரம் குந்திகினுதான் இருந்தாரு. ரெண்டு தோச துன்னாரு, 'எங்கண்ணன் பொண்ணு டில்லிக்குப் போயி டாக்டரா ஆகப்போறா'ன்னு கடையில கீறவன்லாம் கேக்க சொன்னாரு. இப்பதாம்மா பஸ் ஏறிகினு போனாரு."

மடியில் ஒரு மூட்டை! என் பிரயாணத்தை மடியில் வைத்துக்கொண்டே என் பெருமையைப் பேசியிருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, அவர்மேல் பிரியமும் வந்தது. இரண்டுக்கும் நேரமில்லை.

திருவொற்றியூர் தாண்டியதும் ஜட்காக்காரர் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திருப்பினார்.

"எங்க போறே?" என்றாள் அம்மா.

"மெயின் ரோட்ட நோண்டிப் போட்டுகிறானுங்கம்மா. இது குறுக்கால. ரயிலு கேட்டத் தாண்டி அப்டியே சல்லுன்னு பூடலாம்."

சல்லென்று போனோம். கேட் மூடியிருந்தது.

எங்களுக்கு முன்னால் விறகு ஏற்றிய கட்டை வண்டிகள், மண்ணெண்ணெய் டின் அடுக்கிய ஒரு கைவண்டி, எருமைக்காரர் ஒருவர். தண்டவாளத்தில் எதுவும் இல்லை. அந்த இரண்டு இரும்பும் வெயிலில் பளபளவென்று சும்மா கிடந்தன. நான் இறங்கி நடந்தேன், திரும்பினேன், மறுபடியும் நடந்தேன். கேட்காரரிடம் போய், வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"வரும்."

"எப்போ?"

"வரசொல்ல வரும்."

அம்மாவும் இறங்கிவிட்டாள். கட்டை வண்டிகளுக்கு நடுவே புகுந்து கேட்டின் அருகே போனாள். "தம்பி, நாங்க ரெண்டு பேரும் நடந்து அந்தப் பக்கம் போயிடுதோம்பா. குனிஞ்சு போயிடுவோம்," என்றாள். மிளகாய் மண்டி முதலாளி வீட்டம்மா, கடைத்தெருவுக்கே சித்தியை அனுப்புகிறவள், ரயில்வே கேட்டின் கீழே குனிந்து போகத் தயாராக நின்றாள்.

"சாவறதுக்கு வேற எடம் கெடைக்கலியா தாயீ? போயி வண்டில குந்து," என்றார் கேட்காரர்.

அப்போது தெற்கிலிருந்து புகை தெரிந்தது. வந்தது சரக்கு வண்டி இல்லை. வடக்கே போகும் மெயில். நாளைக்கு நான் ஏற வேண்டிய அதே வண்டி. எண்ணூரில் அதன் ஓசையை மட்டும் கேட்டவள், இப்போது கையெட்டும் தூரத்தில் அதைப் பார்த்தேன். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக என் முகத்தில் வெளிச்சத்தையும் நிழலையும் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டு போயின. ஒரு ஜன்னலில் ஒரு பெண் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சாதாரணமாக, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல. அம்மாவும் அவளைப் பார்த்தாள். வண்டி போன பிறகும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேட் திறந்ததும் என்னை முந்திக்கொண்டு ஜட்காவில் ஏறியவள் அவள்தான். "விரட்டுப்பா. குதிரைக்குக் கொள்ளு நான் வாங்கித் தாரேன்."

அங்கிருந்து ராயபுரம் வரை நான் மூட்டையை நினைக்கவில்லை. வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அம்மாவுக்கு என்னை அனுப்ப இஷ்டமில்லை. அது ஊருக்கே தெரியும். நான் போகக்கூடாதென்றால் அவள் இன்று ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. அத்தை வீட்டுக் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அந்த மூட்டை தானாகப் படி ஏறி அவளுக்காக எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்திருக்கும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் கொண்டை அவிழ, தொண்டை கட்ட, கிழட்டுக் குதிரையை விரட்டிக்கொண்டிருந்தாள். அதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் கலைந்துவிடுமோ என்று மூடிக்கொண்டேன்.

எங்கள் தெருமுனையில் விறகுத் தொட்டிக்கு எதிரே வண்டி நின்றது. அம்மா இறங்கி ஏறக்குறைய ஓடினாள். நான் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னால் மறைந்து நின்றேன். வியாழக்கிழமை இந்தத் தெருவே என்னை வழியனுப்பியிருந்தது. கற்பூரம் காட்டியவர்கள் உண்டு, கண்ணைத் துடைத்தவர்கள் உண்டு. இவர்கள் கண்ணில் படக்கூடாது.

குழாயடியில் குடத்தோடு நின்ற ஒரு அக்கா என்னைக் கண்டுவிட்டாள். புருஷன் ஹார்பரில் கரி மூட்டை தூக்குகிறவர். இந்தத் தெருவில் அவள் வாய்க்கு எல்லாரும் பயப்படுவார்கள்.

"யாரு, டாக்டரம்மாவா? டில்லிக்குப் போறேன்னு கண்ணு கலங்கிகினு போனியே!"

"போகப்போகிறேன் அக்கா. நாளைக்கு."

"அப்ப அன்னிக்குப் போனது?"

"அது… புறப்பட்டது."

"ஓ." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நான் கூட டில்லி இம்மா கிட்டவா கீதுன்னு நெனச்சேன். போயிட்டு வந்து டீ குடிச்சிட்டுப் போவலாம் போலகீதேன்னு."

குழாயடியே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணை மட்டும் எங்கள் வீட்டு மாடிப்படியிலிருந்து எடுக்கவில்லை. அம்மா உள்ளே போய் வெகுநேரமாகிவிட்டதுபோல் இருந்தது. மூட்டை வெளியே இருந்திருந்தால், போன கையோடு எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜட்காக்காரர் குதிரையின் வாய்நுரையைத் துடைத்துக்கொண்டே என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். அவருக்கும் இப்போது முடிவு தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

மாடியிலிருந்து சித்தியின் குரல்தான் முதலில் வந்தது. சித்திக்கு மெதுவாகப் பேச வராது. "எனக்கு எப்படித் தெரியும் அக்கா? அழுக்குத் துணின்னுதானே குடுத்தாக! புடவைய சவுக்காரத்துல ஊறப் போட்டேன். அரிசி நல்ல அரிசியா இருந்துச்சு, பானையில கொட்டிட்டேன்!"

அவ்வளவுதான். படி ஏறியது மட்டுமில்லை. என் பிரயாணம் அவிழ்க்கப்பட்டு, பாதி பானையிலும் பாதி வாளியிலும் கிடந்தது. நான் ஜட்காவின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். டீச்சருக்கு எப்படிச் சொல்வது, ஐயா என்ன சொல்வார், டிரங்குப் பெட்டியை எண்ணூரிலிருந்து யார் கொண்டுவருவார்கள் என்று மனம் அதுபாட்டுக்கு ஓட ஆரம்பித்தது. வீட்டுக்குள் இப்போது நான் தாராளமாகப் போகலாம், இனி என்ன தடை என்று ஒரு அடிகூட எடுத்து வைத்தேன்.

"அங்கயே நில்லு!"

அம்மா படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் மூட்டை. அதே மஞ்சள் துணி, புதிதாகப் போட்ட முடிச்சு. அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. மாடிப்படியிலிருந்து தெருமுனை வரை புழுதியில் ஈரப் புள்ளிகள். சித்தப்பா பின்னாலேயே பேயறைந்தவர் போல் வந்தார்.

"என்னய மன்னிச்சிரு தாயி," என்றார் என்னிடம். "நான் ஒரு மடையன்."

"போதும் தம்பி. அவ ஐயாட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாளைக்கு மத்தியானம் நேரா சென்ட்ரலுக்கு வந்துருங்க," என்றாள் அம்மா. என்னிடம் திரும்பி, "ஏறு," என்றாள்.

ஏறினேன். ஈர மூட்டையை அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். புடவை நனைந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை. ஜட்கா திரும்பி, கடைத்தெருவைத் தாண்டி, மீன் வண்டிகளின் நாற்றத்தையும் தாண்டியது. எனக்குத்தான் பேசாமல் இருக்க வராதே.

"அம்மா, அது உள்ளே போய்விட்டது."

"போச்சு."

"சத்தியம் பண்ணினாயே."

"மூட்டைதான் உள்ள போச்சு. நீ போகலை. தெருமுனையில நின்னே, நான்தான் பாத்தேனே." முடிச்சை இறுக்கிக்கொண்டே, "இது புது மூட்டை. அரிசி நானே பானையிலேருந்து அள்ளினேன். நானே கட்டினேன். இப்பதான் நீ புறப்படுதே," என்றாள்.

"இப்போ என்ன நேரம்? நல்ல நேரமா?"

"பாக்கலை."

ஊறுகாய் போடவே பஞ்சாங்கம் பார்க்கிற அம்மா. எனக்கு முதன்முதலில் காது குத்தியதற்கு எந்த ஓரை என்று இன்னும் சொல்லுகிறவள்.

"பாத்தா என்ன வரும்னு தெரியும்," என்றாள் மெதுவாக. "திங்கக்கிழமை இந்நேரம் எனக்குத் தெரியாதா? அதான் பாக்கலை."

நான் ஜெயித்துவிட்டேன். ஒரு மாதக் குழம்புச் சண்டை, டீச்சர், சூலம் எல்லாம் தீர்ந்தது. என்னைத் தடுக்க இனி ஒருவரும் இல்லை, ஒன்றுமில்லை. அதை நினைத்ததும் குதிக்கத் தோன்றும் என்று இருந்தேன். பதிலாக முழங்கால் வெடவெடவென்று ஆடியது. அந்த ஜன்னலில் வாழைப்பழம் உரித்த பெண் நினைவுக்கு வந்தாள். நாளைக்கு இதே நேரம் நானும் அப்படி உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் டீச்சர் இருப்பார். அம்மா இருக்கமாட்டாள். போக வேண்டும் போக வேண்டும் என்று துள்ளிய இத்தனை நாளில் இந்த ஒரு வரி எனக்குத் தோன்றவே இல்லை.

"ஏட்டி, கால் என்ன ஆடுது?"

"வண்டி ஆடுகிறது அம்மா."

அவள் என் கையை எடுத்து ஈர மூட்டைமேல் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். சவுக்கார வாசனை அடித்தது. கடல் பக்கமிருந்து காற்று எழுந்துவிட்டது. மணலி மேட்டுக்கு அப்பால் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எண்ணூர் இன்னும் வெகுதூரம் இருந்தது. அது இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தால் தேவலை போலிருந்தது.

"மெதுவாகவே போப்பா," என்றேன் ஜட்காக்காரரிடம். "அவசரமில்லை."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெற்றிலைச் சாற்றை ஒரு வழியாகத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"அத்த நீ சொல்லணுமா? வரசொல்ல நீங்க வெரட்டுன வெரட்டுக்கு இது இனிமே நடந்தாலே பெரிசு."